கேரவன் டிரெய்லர் டயர் சூடாகுது: வழியில காத்தை இறக்கலாமா?

#1 உச்சிப்புளி_கேரவன்

எல்லாருக்கும் வணக்கம். வண்டி விவரம் முதல்ல: 22 அடி கேரவன் டிரெய்லர், ரெண்டு ஆக்ஸில், நாலு சக்கரம். டயர் 185 ஆர் 14 எல்டி (சின்ன சரக்கு வண்டி வகை), 8 பிஆர் (பாரம் தாங்குற தரம்), டியூப்லெஸ். இழுக்கிறது ஃபோர் வீல் டிரைவ் பிக்கப். மே மாசம் உச்சிப்புளியிலிருந்து மதுரை வழியா வத்தலக்குண்டு வரை போகணும்.

காலைல 65 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) வச்சுக் கிளம்பினா, பரமக்குடி தாண்டி நிறுத்தும்போது கேஜ் 75 காட்டுது. டயர் மேல கை வைக்க முடியல. பஞ்சர் கடையில 10 பிஎஸ்ஐ இறக்கிருங்க, இல்லாட்டி வெடிச்சிரும்னு சொல்றாங்க. இறக்கலாமா? இல்ல டயரையே மாத்தணுமா?

#2 பரமக்குடி_பட்டறை

இறக்காதீங்க தம்பி. வெயில் காலத்துல டிரெய்லர் டயர் போறதுக்கு இந்த ஒரு பழக்கமே பெரிய காரணம்.

கணக்கைப் பாருங்க. விடிகாலை 28 டிகிரியில 65 வச்ச டயர் 75 காட்டுதுன்னா, உள்ள இருக்கிற காத்து சுமார் 65 டிகிரிக்கு வந்திருக்குன்னு அர்த்தம். 15 சதவீத ஏற்றம். பாரம் ஏத்தின டயருக்கு இது வழக்கமான அளவுதான். பக்கச்சுவர்ல அச்சடிச்சிருக்கிற அளவு குளிர்ந்த டயருக்கு உரியது. ஓடும்போது ஏறுற அளவையும் தாங்குற மாதிரிதான் டயரைக் கட்டியிருக்காங்க.

இப்போ சூட்டோட 65க்கு இறக்கிட்டீங்கன்னா, மறுநாள் காலைல அதே டயர்ல 56 தான் இருக்கும். 65 பிஎஸ்ஐல 850 கிலோ தாங்குற டயர் 56ல ஏறத்தாழ 750 கிலோதான் தாங்கும். அதோட ஓட்டினா பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் கூடுதலா மடங்கி நிமிரும். ரப்பர் மடங்கி நிமிரும்போது வாங்கின சக்தி முழுக்கத் திரும்பி வராது, ஒரு பங்கு சூடாயிரும். ரப்பர் சூட்டைச் சீக்கிரம் வெளியே விடாது. அதனால சூடு சேர்ந்துக்கிட்டே போகும், திரும்பக் காத்து ஏறும், திரும்ப இறக்கச் சொல்வாங்க. காத்து ஏறுறது சூட்டோட அறிகுறி. சூட்டுக்குக் காரணம் காத்துக் குறைவு, பாரம், வேகம், இந்த மூணுதான்.

கடைசியில பிரியுறது பட்டன், அதாவது தரையில உருளுற மேல் ரப்பர் இருக்கிற பாகம். பட்டனுக்கு அடியில கம்பி பெல்ட் ரெண்டு ஓடுது. அதோட ஓரத்துலதான் சூடு அதிகம். அங்க ஒட்டு விட்டுப்போய், பட்டன் தோல் உரியுற மாதிரி கழண்டு வரும். மட்கார்டு, தண்ணிக் குழாய், வயரிங் எல்லாத்தையும் அடிச்சு நொறுக்கிட்டுத்தான் நிற்கும்.

டயரை மாத்துறதைப் பிறகு பேசுவோம். முதல்ல எடை போட்டீங்களா? ஒவ்வொரு சக்கரத்துலயும் எத்தனை கிலோ?

#3 தொண்டி_டீசல்

நைட்ரஜன் போட்டா இந்தத் தொல்லையே இல்லையே. சூடே ஆகாதுன்னு சொல்றாங்க.

#4 பரமக்குடி_பட்டறை

அப்படி இல்ல தம்பி. சூட்டுக்கு விரியுறதுல நைட்ரஜனும் உலர்ந்த காத்தும் ஏறக்குறைய ஒண்ணுதான். சாதாரணக் காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன். வித்தியாசம் வர்றது ஈரத்தால. நம்ம கரையில காத்துல ஈரப்பதம் ஜாஸ்தி, கம்ப்ரசர் டேங்குல தண்ணி தேங்கும். அந்தத் தண்ணி டயருக்குள்ள போனா ஆவியாகி அழுத்தத்தைக் கூடுதலா ஏத்தும், ரிம்மையும் உள்பக்கமா துருப்பிடிக்க வைக்கும். காத்து அடிக்கிறதுக்கு முன்னாடி டேங்கோட அடி வால்வைத் திறந்து தண்ணியை வெளியேத்தச் சொல்லுங்க. அது போதும். நைட்ரஜன் போட்டா தப்பில்ல, ஆனா பாரத்தையும் வேகத்தையும் அது மன்னிக்காது.

#5 கீழக்கரை_ஓட்டம்

எடை போடுற முறையை நான் சொல்றேன். ராமநாதபுரம் சுத்தி லாரி எடைமேடை இருக்கு. கூட்டமில்லாத நேரமாப் போங்க, பொறுமையா அஞ்சாறு தடவை ஏத்தி இறக்கணும். வண்டி பயணத்துக்குப் போற மாதிரியே இருக்கணும்: கேஸ் சிலிண்டர், பாத்திரம், பேட்டரி, தண்ணி எல்லாத்தோடயும்.

முதல்ல டிரெய்லரைத் தனியா கழட்டி மேடையில நிறுத்தி மொத்த எடை. அடுத்து பிக்கப்போட மாட்டி, பிக்கப் மேடைக்கு வெளிய, டிரெய்லர் சக்கரம் மட்டும் மேடையில. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கப்ளர் (டிரெய்லரைப் பிக்கப்போட மாட்டுற பிடி) வழியா பிக்கப் மேல உட்காருற எடை. மொத்தத்துல 10லிருந்து 15 சதவீதம் இருக்கணும். 10க்குக் கீழ போனா டிரெய்லர் வால் ஆட்டும். அப்புறம் முன் ஆக்ஸில் மட்டும், பின் ஆக்ஸில் மட்டும். கடைசியா ஒவ்வொரு ஆக்ஸிலுக்கும் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் மேடையில இருக்கிற மாதிரி ஓரமா நிறுத்தி ஒரு தடவை. மேடையும் பக்கத்துத் தரையும் ஒரே மட்டமா இருந்தாத்தான் இந்தக் கடைசி எடை நம்பத் தகுந்தது. வண்டி சாய்ஞ்சு நின்னா எடை ஒரு பக்கமா ஓடிரும்.

நம்ம பக்கம் இதுல ஒரு தனிக் கவனம் வேணும். போற இடத்துல உப்புத் தண்ணின்னு வீட்டுலயே நல்ல தண்ணியை டேங்க் நிறைய பிடிச்சுக்கிட்டுக் கிளம்புவோம். 200 லிட்டர் தண்ணி 200 கிலோ. அதோட நாலு 20 லிட்டர் கேன் வச்சா இன்னொரு 80. டிரெய்லர் கட்டினவர் காட்டுற எடைச்சீட்டுல பெரும்பாலும் காலி டேங்க் கணக்குதான் இருக்கும்.

#6 உச்சிப்புளி_கேரவன்

ரொம்ப நன்றி கீழக்கரை காக்கா (அண்ணே). பட்டறை அண்ணே, டயர்ல என்னென்ன பார்க்கணும்? எண்ணெல்லாம் புரியல.

#7 பரமக்குடி_பட்டறை

அளவுக்குப் பக்கத்துல 102/100ன்னு ஒரு ஜோடி எண் இருக்கும். அதுதான் பாரக் குறியீடு. 102ன்னா ஒற்றைச் சக்கரத்துக்கு 850 கிலோ, 100ன்னா இரட்டைச் சக்கரமா போட்டா தலைக்கு 800 கிலோ. உங்களுக்கு முதல் எண்தான் கணக்கு. அதுக்கு அடுத்த எழுத்து வேகம்: எல்ன்னா 120, எம்ன்னா 130, என்ன்னா 140, கியூன்னா 160 கிலோமீட்டர். வெளிநாட்டுலயிருந்து வந்த கேரவனா இருந்தா டிரெய்லருக்குன்னே செய்ற எஸ்டி டயர் போட்டிருப்பாங்க. அதுல வேகம் தனியா குறிக்கலன்னா மணிக்கு 65 மைல், அதாவது 105 கிலோமீட்டர்தான் உச்சம். அது ஓட்டச் சொன்ன வேகம் இல்ல, தாண்டக் கூடாத வேகம்.

வயசு: ஒரு நீள்வட்டக் கட்டத்துக்குள்ள நாலு இலக்கம். 2319ன்னா 2019ஆம் வருஷம் 23ஆம் வாரம் செஞ்ச டயர். டிரெய்லர் டயர் தேய்ஞ்சு போறது அபூர்வம், வயசாகித்தான் போகும். பட்டன் புதுசு மாதிரி நிற்கும், ரப்பர் உள்ளுக்குள்ள காய்ஞ்சிருக்கும். வெயில்லயே நிற்கிற கேரவனுக்கு 5 வருஷத்துல மாத்துங்க. பக்கச்சுவர்ல வெடிப்பு விரல் நகம் நுழையுற ஆழம் இருந்தா வயசு பார்க்க வேண்டாம், அன்னைக்கே கழட்டிருங்க.

பெல்ட் பிரிய ஆரம்பிச்சதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. சக்கரத்தை ஜாக்கியில தூக்கி, பட்டனுக்கு 3 மில்லிமீட்டர் தள்ளி ஒரு கம்பியை அசையாம வச்சு, கையால மெதுவா சுத்துங்க. ஒரே இடத்துல பட்டன் மேடாகிக் கம்பியைத் தொட்டாலோ, பாம்பு மாதிரி இடம் வலம் நெளிஞ்சாலோ அந்த டயர் முடிஞ்சது. நாலு சக்கரத்துக்கும் அரை மணி நேரம் ஆகும். பயணத்துக்கு முன்னாடி இந்த அரை மணி நேரத்தைத் தயவுசெஞ்சு ஒதுக்குங்க.

ரீட்ரேட் டயர் (பழைய டயர்ல புது பட்டன் ஒட்டினது) வேண்டாம். ரேடியலும் நைலானும் கலந்து போட வேண்டாம். டியூப்லெஸ் டயர்ல ஓட்டையை மறைக்க டியூப் போட்டு ஓட்டவே ஓட்டாதீங்க, டியூப் உள்ள உரசி அதுவே தனிச் சூடு.

#8 பாம்பன்_காத்து

வால்வையும் சேர்த்துக்கோங்க. சாதாரண ரப்பர் வால்வு, டிஆர் 413 வகை, 65 பிஎஸ்ஐ வரைக்கும்தான். நீங்க சரியா அந்த எல்லையில நிக்கிறீங்க. போல்ட் போட்டு இறுக்குற உலோக வால்வு மாட்டுங்க. டிபிஎம்எஸ் (டயர் காத்தை ஓடும்போதே காட்டுற கருவி) மூடி சென்சார் போட்டா இது கட்டாயம். சென்சார் எடைக்கு ரப்பர் தண்டு ஆடி ஆடி அடியில கிழியும்.

ஆனா பட்டறை அண்ணன் சொல்றதுல எனக்கு ஒரு இடம் ஒத்துவரல. எடை குறைவா இருந்தா 65 எதுக்கு? 650 கிலோ உட்காருற சக்கரத்துக்கு 65 வச்சா டிரெய்லர் குதிக்கும், உள்ள அலமாரி ஆணி கழலும், பட்டன் நடுவுல தேயும். கம்பெனி பார அட்டவணைப்படி வச்சு அதுக்கு மேல ஒரு 10 சதவீதம் போட்டா போதாதா?

#9 பரமக்குடி_பட்டறை

காருக்கு நீங்க சொல்றது சரி. ரெண்டு ஆக்ஸில் டிரெய்லருக்கு வேற நியாயம். ஸ்டீயரிங் இல்லாத நாலு சக்கரம் முன்னும் பின்னுமா நெருக்கி நிக்குது. வளைவுல முன் சக்கரம் ஒரு பக்கமும் பின் சக்கரம் எதிர்ப் பக்கமும் தரையில இழுபடும். பெட்ரோல் பங்குல குறுக்கித் திருப்பும்போது டயரைப் பாருங்க, பட்டன் ஒரு பக்கமும் ரிம் ஒரு பக்கமும் முறுக்கிக்கிட்டு நிக்கும். அந்த முறுக்கு முழுக்க பெல்ட் ஓரத்துலதான் விழுது. காத்து நிறைய இருந்தா முறுக்கு குறையும். அலமாரி ஆணியைத் திரும்ப அடிச்சுக்கலாம். அதனால பக்கச்சுவர் உச்ச அளவு, குளிர்ந்த நிலையில. ரிம்முக்கும் வால்வுக்கும் அந்த அளவு தாங்கும்னு உறுதி பண்ணிக்கணும்.

ஒண்ணு ஒத்துக்கிறேன்: எல்லாச் சக்கரமும் உண்மையிலேயே ரொம்ப லேசா இருந்தா கொஞ்சம் இறங்கலாம். அப்பவும் நாலுக்கும் ஒரே அளவு, கனமான சக்கரத்தை வச்சுத்தான் முடிவு பண்ணணும்.

#10 கீழக்கரை_ஓட்டம்

காத்து பார்க்கிற நேரமும் முக்கியம். வண்டி ஓடி நின்னு 3 மணி நேரம் ஆகியிருக்கணும், வெயில் படாம இருக்கணும். கிழக்குப் பக்கச் சக்கரத்துல காலை வெயில் அரை மணி நேரம் பட்டாலே கேஜ் கூடக் காட்டும். அதைப் பார்த்து அந்தப் பக்கம் மட்டும் இறக்கிட்டா இடது வலது சமன் போச்சு. விடியுறதுக்கு முன்னாடி, உங்க சொந்தக் கேஜ்ல, நாலும் ஸ்டெப்னியும். கடை மீட்டர் ஒண்ணுக்கொண்ணு 3, 4 பிஎஸ்ஐ மாறும்.

கிளம்புற நேரத்தைப் பத்தியும் சொல்லணும். மே மாசத்துல நம்ம கரை கடல்காத்தால தாங்குற மாதிரி இருக்கும். மானாமதுரை தாண்டித் திருப்புவனம் போகப் போகக் கடல்காத்து கிடையாது, மதியம் தார் ரோடே 60 டிகிரி வரும். அதாவது டயர் ஏற்கனவே சூடேறின பிறகு, இன்னும் சூடான ரோட்டுல, பரமக்குடியிலிருந்து நாலுவழிச் சாலை கிடைச்சதுன்னு வேகமும் கூட்டுவோம். மூணும் ஒரே இடத்துல சேருது. 4 மணிக்குக் கிளம்பி 9க்குள்ள மதுரையைத் தாண்டிருங்க. வேகம் 80க்கு மேல வேண்டாம், வெயில் ஏறினா 65, 70. ஒரு கிலோமீட்டருக்கு உண்டாகுற சூடு கிட்டத்தட்ட அதேதான். வேகம் கூடினா அது குறைஞ்ச நேரத்துல வந்து சேருது, வெளியேற நேரமில்ல.

பாம்பன் பாலத்துல தெற்கத்திக் காத்து பக்கவாட்டுல அடிக்கும்போது 40தான். டிரெய்லர் பெட்டி பாய் மாதிரி காத்தைப் பிடிக்கும். ஆட ஆரம்பிச்சா பிக்கப் பிரேக்கை மிதிக்காதீங்க. ஆக்சிலரேட்டரை விட்டு ஸ்டீயரிங்கை நேராப் பிடிங்க. டிரெய்லர் பிரேக்குக்குக் கைப்பிடி தனியா இருந்தா அதை மட்டும் லேசா அழுத்துங்க.

#11 பாம்பன்_காத்து

கடலோரத்துக்குன்னு ரெண்டு விஷயம். இதை யாரும் சொல்லித் தர்றதில்ல.

ஒண்ணு மணல். தனுஷ்கோடிப் பக்கம், வாலிநோக்கம், மூக்கையூர் பக்கம் மணல்ல ஏத்தும்போது சக்கரம் புதையுதுன்னு 35க்கு இறக்குவாங்க. மணலுக்கு அது சரி, 20 கிலோமீட்டர் வேகத்துக்குள்ள. திரும்பும்போது அடுத்த ஊர்ல காத்து அடிச்சுக்கலாம்னு தார் ரோட்டுல ஏறி ஓட்டுறதுதான் ஆபத்து. 35 பிஎஸ்ஐல, அவ்வளவு பாரத்தோட, பத்து கிலோமீட்டர் போனாலே பக்கச்சுவர் உள்பக்கம் வெந்துரும். வெளியிலிருந்து ஒண்ணும் தெரியாது. அடுத்த வாரம் 65 வச்சு ஓட்டும்போது பிரியும். டயரைக் கழட்டி உள்ள பார்த்தா பக்கச்சுவரைச் சுத்தி ஒரு கறுத்த வளையமும் ரப்பர் தூளும் இருக்கும். அந்த டயரை ஒட்டித் திரும்பப் போடக் கூடாது. வேணுங்கிற அளவுல 20 சதவீதம் குறைஞ்சு ஓடினாலே காத்தில்லாம ஓடின டயர்னு எடுத்துக்கோங்க.

அதனால மணலுக்குப் போறவங்க 100 பிஎஸ்ஐக்கு மேல தர்ற 12 வோல்ட் கம்ப்ரசர் வச்சிருக்கணும். சிகரெட் லைட்டர் சாக்கெட்ல மாட்டாம பேட்டரியிலேயே நேராக் கிளிப் போடுங்க, பியூஸ் போகாது. நாலு டயர் 35லிருந்து 65க்கு வர நேரம் எடுக்கும், நடுவுல கம்ப்ரசரை ஆற விடணும்.

ரெண்டாவது உப்பு. சூடு டயர்லேயிருந்துதான் வருதுன்னு நினைக்காதீங்க, ஹப்லயிருந்தும் (சக்கரத்தோட நடுப்பாகம்) வரும். உப்புக்காத்துல மாசக்கணக்கா நிக்கிற டிரெய்லர்ல பிரேக் ஷூ டிரம்மோட ஒட்டிக்கும், ஓடும்போது உரசிக்கிட்டே வரும். ரிம் வழியா அந்தச் சூடு டயருக்குப் போகும். நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போட்டு வைக்காம ரெண்டு பக்கமும் கட்டை கொடுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை பேரிங்கைக் கழட்டிப் பழைய கிரீஸை மண்ணெண்ணெய்ல கழுவி, தண்ணிக்குத் தாங்குற கிரீஸ் அடைச்சு, ஆயில் சீல் புதுசு. ஹப் முழுக்க கிரீஸை அடைச்சு நிரப்பாதீங்க, கடைஞ்சு அதுவே சூடாகும்.

டிரெய்லரைத் தண்ணியில இறக்கிப் படகு எடுக்கிறவங்களுக்கு இன்னும் கவனம் வேணும். ஓடி வந்த சூட்டோட ஹப்பைக் கடல்ல இறக்கினா உள்ள இருக்கிற காத்து சட்டுனு சுருங்கி, ஆயில் சீல் வழியா உப்புத் தண்ணியை உள்ள இழுத்துக்கும். அரை மணி நேரமாவது ஆற விடுங்க. ஏறினதும் நல்ல தண்ணி ஊத்திக் கழுவுங்க.

ரிம்முல டயர் உதடு உட்காருற இடத்துலயும் துரு ஏறும். வாரத்துக்கு 2, 3 பிஎஸ்ஐ குறையுதுன்னா பஞ்சர் தேடாதீங்க, சோப்புத் தண்ணியை ரிம் ஓரத்துல ஊத்திப் பாருங்க.

#12 தொண்டி_டீசல்

டிபிஎம்எஸ்ல எச்சரிக்கை எந்த அளவுல வைக்கணும்?

#13 பரமக்குடி_பட்டறை

65 வைக்கிறவங்களுக்கு: கீழ் எல்லை 58, மேல் எல்லை 80, சூடு 70 டிகிரி. வால்வு நுனியில இருக்கிற சென்சார் வெளிக்காத்துல ஆறுற இடத்துல இருக்கு. அது 60 சொன்னா பெல்ட் ஓரம் அதைவிட ஜாஸ்தி சூடாத்தான் இருக்கும். அதனால எண்ணைவிட வித்தியாசத்தைக் கவனிங்க. மூணு சக்கரம் 50 காட்டி ஒண்ணு மட்டும் 62 காட்டினா, எச்சரிக்கை அடிக்கலன்னாலும் நிறுத்துங்க.

லேசர் புள்ளி வச்ச தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க. நின்ன ரெண்டு நிமிஷத்துக்குள்ள ஒவ்வொரு சக்கரத்துலயும் பட்டன் ஓரத்துல ஒண்ணு, ஹப்ல ஒண்ணு. பட்டன் சூடா இருந்து ஹப் ஆறியிருந்தா காத்து அல்லது பாரம். ஹப் சூடா இருந்தா பேரிங் அல்லது பிரேக். முதல் நிறுத்தம் ராமநாதபுரம் தாண்டி, அங்கேயே வீல் நட்டையும் டார்க் ஸ்பேனர் வச்சுக் கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்கிருங்க. சக்கரம் கழட்டி மாட்டினா 50லிருந்து 100 கிலோமீட்டருக்குள்ள திரும்ப ஒரு தடவை.

#14 உச்சிப்புளி_கேரவன்

எடை போட்டாச்சு. டிரெய்லர் தனியா 2960. மாட்டினப்போ சக்கரத்துல 2620, அப்போ கப்ளர்ல 340. முன் ஆக்ஸில் 1210 (இடது 650, வலது 560). பின் ஆக்ஸில் 1410 (இடது 770, வலது 640). டயர்ல 102/100 எல்னு இருக்கு, செஞ்சு இன்னும் 5 வருஷம் ஆகல. தண்ணி டேங்க் 200 லிட்டர், பின் ஆக்ஸிலுக்குப் பின்னாடி இடது பக்கம். அடுப்பும் பேட்டரியும் இடதுதான்.

#15 பரமக்குடி_பட்டறை

இதைத்தான் கேட்டேன். நாலு டயரும் சேர்ந்து 3400 தாங்கும், 2620தானேன்னு மொத்தமாப் பார்த்தா நிம்மதியா இருக்கும். பின் இடது மட்டும் 770. 850ல 9 சதவீதம்தான் மிச்சம். மே மாச வெயிலுக்கு 15லிருந்து 20 சதவீதம் மிச்சம் வேணும். முன்னாடி 10 பிஎஸ்ஐ இறக்கி ஓட்டியிருந்தா அந்த ஒரு சக்கரம் தாங்குற அளவையே தாண்டியிருக்கும்.

செலவில்லாத வேலையை முதல்ல பாருங்க. பின் ஆக்ஸில் முன்னதைவிட 200 கிலோ கனம்ன்னா டிரெய்லர் மூக்கு தூக்கிக்கிட்டு நிக்குதான்னு சமதளத்துல மட்டப்பலகை வச்சுப் பாருங்க. தூக்கியிருந்தா டோ பாலை (பிக்கப் பின்னாடி கப்ளர் உட்காருற குண்டு) இறக்குங்க. ஈக்வலைசர் (ரெண்டு ஆக்ஸிலுக்கும் பாரத்தைப் பங்கு போடுற பாகம்) இருந்தாலும் ஓரளவுக்கு மேல அது சமன் பண்ணாது. டேங்க்ல 40 லிட்டர் மட்டும் வச்சுக்கிட்டுப் போங்க, மிச்சம் வத்தலக்குண்டுல பிடிக்கலாம். பேட்டரியை வலது முன்பக்கம் மாத்துங்க. டேங்க் பின்னாடி இருக்கிறதால தண்ணி குறையக் குறையக் கப்ளர் எடை ஏறும். இன்னொரு தடவை எடை போட்டு, உங்க பிக்கப் ஹிட்ச் (டிரெய்லரை இழுக்கிற பிடி) தாங்குற எல்லைக்குள்ள இருக்கான்னு பாருங்க.

அப்பவும் பின் இடது 720க்கு மேல நின்னா 195 ஆர் 15 எல்டி, பாரக் குறியீடு 106, தலைக்கு 950 கிலோ. ரிம் 15 அங்குலம் மாத்தணும், ரிம்மோட பாரமும் அதுக்குத் தகுந்து இருக்கணும். விட்டம் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் கூடும். முன் பின் டயருக்கு நடுவுல இருக்கிற இடைவெளியும் 5 குறையும். வாங்குறதுக்கு முன்னாடி அந்த இடைவெளியையும், மட்கார்டு உள்கூரையையும் வண்டி பாரத்தோட நிற்கும்போது அளந்துருங்க. ஸ்டெப்னியும் அதே அளவுக்கு மாறணும்.

#16 கீழக்கரை_ஓட்டம்

ஸ்டெப்னி பேச்சு வந்ததால: ஒரு பக்கத்துல ஒரு டயர் வெடிச்சா, வண்டி நிற்கிற வரைக்கும் அதே பக்கத்து இன்னொரு டயர் ரெண்டு பேர் பாரத்தைச் சுமந்திருக்கும். அதையும் கழட்டி உள்பக்கம் பார்க்காம நெடுந்தூரம் ஓட்டாதீங்க. முடிஞ்சா ரெண்டு ஸ்டெப்னி. 3 டன் பாட்டில் ஜாக்கி, அதுக்கு அடியில வைக்க ஒரு அடிச் சதுரப் பலகை. ரோட்டோர மண் இளகி ஜாக்கி புதையும். ஜாக்கியை ஆக்ஸில் குழாய் நடுவுல கொடுத்தா குழாய் வளையும், ஸ்பிரிங் யூ போல்ட் பக்கத்துல கொடுங்க.

#17 உச்சிப்புளி_கேரவன்

மூக்கு 6 சென்டிமீட்டர் தூக்கியிருந்தது. டோ பால் இறக்கி, பேட்டரி மாத்தி, தண்ணி 40 லிட்டராக் குறைச்சுத் திரும்ப எடை: பின் இடது 665, முன் இடது 640, கப்ளர் 385. பிக்கப் ஹிட்ச் எல்லைக்குள்ளதான் இருக்கு. உலோக வால்வு நாளைக்கு மாட்டுறாங்க. 185 டயரே போதுமா அண்ணே?

#18 பரமக்குடி_பட்டறை

665ன்னா 20 சதவீதத்துக்கு மேல மிச்சம் இருக்கு, போதும். வால்வு மாட்ட டயரைக் கழட்டும்போது பக்கத்துலயே நின்னு, நாலு டயர் உள்பக்கமும் டார்ச் அடிச்சு அந்தக் கறுத்த வளையம் இருக்கான்னு பாருங்க. முன்னாடி காத்துக் குறைவா ஓடியிருந்தா அது அங்கதான் தெரியும். பின் இடதை முதல்ல பாருங்க.